ஸ்டாப்வாட்ச்சோடு வந்த ஆலோசகர்... ஆபீஸ் 'டார்கெட்'டுக்கு அடித்தளம் போட்ட ஃபிரெடரிக் டெய்லர் யார்?

ஒரு நாளைக்கு இத்தனை டெலிவரி, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை போன் கால். முடித்தால் இன்சென்டிவ், முடிக்கலைன்னா மேனேஜரிடம் திட்டு. இந்த டார்கெட் வாழ்க்கைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர், 100 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன அமெரிக்கர் ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர்.

யார் இந்த டெய்லர்?

1856-ல் பிலடெல்பியாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஹார்வர்ட் நுழைவுத் தேர்வில் தேறியும், கண் பிரச்சனையால் அங்கே சேராமல் பட்டறையில் தொழில் பழகினார். 1878-ல் மிட்வேல் ஸ்டீல் ஆலையில் தொழிலாளியாக நுழைந்து, தலைமைப் பொறியாளர் வரை உயர்ந்தார்.

தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதை அங்கே கவனித்தார். சோம்பேறித்தனம் மட்டுமா காரணம்? இல்லை. வேகமாகச் செய்து கூடுதலாகச் சம்பாதித்தால், முதலாளி பீஸ் ரேட்டைக் குறைத்துவிடுவார் என்ற பயமும்தான். ஒரு வேலைக்கு நிஜமாகவே எவ்வளவு நேரம் ஆகும் என்பது முதலாளிகளுக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு வேலையையும் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்து ஸ்டாப்வாட்ச்சில் அளந்தார் டெய்லர்.

ஆலோசனையே தொழில்

1893-ல் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்வதையே தொழிலாக்கினார். இன்றைய மேனேஜ்மென்ட் கன்சல்டிங் துறையின் முன்னோடிகளில் ஒருவராக அவரைச் சொல்வது இதனால்தான்.

1898-ல் பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனம் அவரை அழைத்தது. சுமார் 42 கிலோ எடையுள்ள இரும்புக் கட்டிகளைச் சுமந்து வண்டியில் ஏற்றும் வேலை அது. டெய்லர் சொன்ன கணக்குப்படி, ஒருவர் நாளொன்றுக்கு ஏற்றிய அளவு 12.5 டன்னிலிருந்து 47.5 டன்னாக உயர்ந்தது. கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. அதாவது, வேலை கிட்டத்தட்ட 4 மடங்கு, கூலி உயர்வோ சுமார் 60 சதவீதம்தான்! இந்தக் கதையே மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். நிர்வாகத்துடன் மோதல் முற்றி, 1901-ல் டெய்லரும் வெளியேற்றப்பட்டார்.

வெடித்த ஸ்டிரைக்

1911-ல் வெளியான அவரது புத்தகம் உலகப் புகழ் பெற்றது. அதே ஆண்டு, பாஸ்டன் அருகே வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் டெய்லர் முறைக்கு எதிர்ப்பு கிளம்பியது. ஸ்டாப்வாட்ச் முன்னால் வேலை செய்ய மறுத்த தொழிலாளி வேலை இழந்தார். சக தொழிலாளர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள்.

விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. 1912-ல் விசாரணைக் குழு முன் டெய்லர் நாள்கணக்கில் பதில் சொன்னார். உற்பத்தி கூடினால் முதலாளி, தொழிலாளி இருவருக்குமே லாபம் என்பது அவர் வாதம். ஆனாலும் 1915-ல் ராணுவ ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் முறைக்கு நாடாளுமன்றம் தடை போட்டது.

அதே ஆண்டு மார்ச் 21-ம் தேதி, 59-வது பிறந்தநாளுக்கு மறுநாள், நிமோனியாவால் டெய்லர் காலமானார்.

ஸ்டாப்வாட்ச் வேலையை இன்று மொபைல் ஆப் செய்கிறது. ஆனால், கூடுதலாக உழைத்தால் வரும் லாபத்தில் உழைத்தவருக்கு எவ்வளவு பங்கு? அன்று ஸ்டிரைக் வரை போன அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் கிடைத்தபாடில்லை.