அறிவுக்குச் சுவர் எழுப்பாத அறிஞர்: அபூ ரைஹான் அல்பீரூனி (ரஹ்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

தேர்வு முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடுகிறது. பிள்ளை சயின்ஸ் குரூப்பா, ஆர்ட்ஸ் குரூப்பா? சரித்திரம் படிக்க வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டால், அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கிறோம். மகன் மதரஸாவுக்குப் போனால் கணக்கும் அறிவியலும் அவனுக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறோம். கல்லூரிக்குப் போனால் ஃபிக்ஹ் அவனுக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறோம். ஒரே இல்மைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் சுவர் எழுப்பி வைத்திருக்கிறோம்.

அப்படி ஒரு சுவரே இல்லாமல் வாழ்ந்த ஒரு மனிதரின் வரலாற்றை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன். படித்துவிட்டு உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

ஊரை இழந்த இளைஞர்

அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பீரூனி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 362-ல், அதாவது கி.பி. 973-ல், குவாரஸ்ம் நாட்டின் தலைநகரான காத் நகரில் பிறந்தார்கள். அந்த இடம் இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. பாரசீக மொழியில் பீரூன் என்றால் வெளிப்புறம் என்று பொருள். நகரின் வெளிப்புறப் பகுதியைச் சேர்ந்தவர் என்பதால் அந்தப் பெயர் வந்தது. அவர்களின் உஸ்தாத் அபூ நஸ்ர் மன்ஸூர், அரச குடும்பத்தில் பிறந்த கணித மேதை.

கி.பி. 995-ல் குவாரஸ்மில் உள்நாட்டுப் போர் மூண்டு ஆட்சி கவிழ்ந்தது. இருபத்திரண்டு வயது இளைஞரான அல்பீரூனி ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. அதன் பிறகு அவர்களின் வாழ்வு, ஓர் அரசவையிலிருந்து இன்னோர் அரசவைக்கு இடம் பெயரும் வாழ்வாகவே இருந்தது. ஆனால் படிப்பு மட்டும் நிற்கவில்லை.

கி.பி. 997-ல் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அதற்கு முன்பே பக்தாதில் இருந்த அபுல் வஃபா என்ற பெரும் அறிஞரோடு பேசி வைத்து, அவர் பக்தாதிலும் இவர் காத்திலும் அந்த ஒரே கிரகணத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தார்கள். கிரகணம் எல்லோருக்கும் ஒரே கணத்தில்தான் நிகழ்கிறது. ஆனால் ஊருக்கு ஊர் உள்ளூர் நேரம் மாறும். அந்த நேர வித்தியாசத்தைக் கொண்டு இரண்டு ஊர்களும் கிழக்கு மேற்காக எவ்வளவு விலகியுள்ளன என்று கணக்கிடலாம். தொலைபேசி இல்லாத காலத்தில், பல நூறு மைல் இடைவெளியில், இரண்டு முஸ்லிம் அறிஞர்கள் சேர்ந்து செய்த ஆய்வு இது!

வானவியலில் இருந்து வரலாற்றுக்கு

கி.பி. 1000 வாக்கில் காஸ்பியன் கடலுக்கு அருகிலுள்ள ஜுர்ஜானில் இருந்தபோது அல்ஆஸாருல் பாக்கியா என்ற கிதாபை எழுதினார்கள். வயது 27 தான். பாரசீகர், யூதர், கிறிஸ்தவர், ஜாஹிலிய்யாக் கால அரபிகள், தம் சொந்த ஊரான குவாரஸ்ம் மக்கள் என ஒவ்வொரு சமூகமும் ஆண்டை எப்படிக் கணக்கிட்டது, எந்தப் பண்டிகையை ஏன் கொண்டாடியது என்பதை அதில் தொகுத்தார்கள். நாள்காட்டிக்கு வானவியல் வேண்டும், பண்டிகைக்கு வரலாறு வேண்டும், பழைய ஏடுகளைப் படிக்க மொழி வேண்டும். மூன்றும் ஒரே கிதாபில் கலந்து நிற்கின்றன. உண்மையை அறிய விரும்புபவன் முதலில் தன் மனதிலுள்ள கட்சிப் பற்றையும் பிடிவாதத்தையும் கழுவ வேண்டும் என்பதை அதன் முன்னுரையிலேயே வலியுறுத்தினார்கள்.

அந்தக் காலத்தில்தான் இளம் வயது இப்னு ஸீனாவுக்குப் பதினெட்டுக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். பல கேள்விகள் அரிஸ்டாட்டிலின் கருத்துகளை மறுத்துக் கேட்டவை. பனிக்கட்டி ஏன் தண்ணீரில் மூழ்காமல் மிதக்கிறது என்பதும் அவற்றில் ஒன்று. பெரிய மனிதர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்ளும் பழக்கம் அவர்களிடம் இல்லை.

கிப்லாவும் பூமியின் அளவும்

கி.பி. 1017-ல் சுல்தான் மஹ்மூத் குவாரஸ்மை வென்றார். அல்பீரூனியையும் அவர்களின் உஸ்தாதையும் தம் தலைநகர் கஸ்னாவுக்குக் கொண்டு சென்றார். மறுபடியும் ஊர் போயிற்று, வீடு போயிற்று.

அடுத்த ஆண்டு காபூலுக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருந்தார்கள். அந்த ஊரின் அட்சரேகையைக் கண்டுபிடிக்க வேண்டும், கையில் கருவி இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் ஒரு வில்வளைவை வரைந்து, பாகைகளைக் குறித்து, ஒரு தூக்குக்குண்டைக் கட்டி, அதையே கருவியாக்கி சூரியனின் உயரத்தை அளந்தார்கள். வசதி இல்லை, சூழ்நிலை சரியில்லை என்று படிப்பை நிறுத்த நினைக்கும் தம்பிகள் அந்தப் பலகையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கி.பி. 1025-ல் ஊர்களின் அமைவிடங்களைக் கணக்கிடும் ஒரு கிதாபை முடித்தார்கள். அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று கஸ்னாவின் கிப்லாவைச் சரியாகக் கண்டறிவது. நாம் தினமும் ஐந்து வேளை முன்னோக்கி நிற்கும் திசையைச் சரியாகச் சொல்ல, அந்த ஊரும் மக்காவும் பூமியில் எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும். அதற்குப் புவியியலும் கோள முக்கோணவியலும் வேண்டும். தொழுகை விரிப்பிலிருந்து கணக்குப் புத்தகத்துக்கு எவ்வளவு கிட்டத்துத் தூரம் பாருங்கள்!

இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையில் பூமியையே அளந்தார்கள். சமவெளியில் இரண்டு இடங்களில் நின்று கோணம் பார்த்து முதலில் மலையின் உயரத்தைக் கண்டார்கள். பிறகு மலையுச்சியில் ஏறி, தொடுவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார்கள். அந்தத் தாழ்வு 34 கலை, அதாவது அரைப் பாகையைவிடச் சற்று அதிகம். இந்த இரண்டு அளவுகளை வைத்தே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார்கள். முன்பு கலீஃபா மஃமூன் காலத்தில் இதற்காக ஆட்கள் பாலைவனத்தில் நெடுந்தூரம் நடந்து அளக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு மலையும் ஒரு மனிதரும் போதுமானதாக இருந்தது. அவர்கள் பயன்படுத்திய முழத்தின் நீளத்தைக் கணித்து ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள், அந்த விடை இன்றைய அளவுக்கு மிக நெருங்கியது என்கிறார்கள்.

அண்டை வீட்டாரை அறிந்தவர்

அன்பிற்குரியவர்களே! நாற்பது வயதைக் கடந்துவிட்டால் இனி நமக்கெதற்குப் படிப்பு என்று நினைக்கிறோம். அல்பீரூனி அவர்கள் நாற்பதைக் கடந்த பிறகுதான் சமஸ்கிருதம் கற்றார்கள். பண்டிதர்களின் முன் மாணவராக அமர்ந்தார்கள். நூல்களைத் தேடித் தேடிப் பொருள் செலவழித்து வாங்கினார்கள். கி.பி. 1030-ல் இந்தியாவைப் பற்றி எண்பது பாடங்கள் கொண்ட கிதாபை எழுதினார்கள். இந்நாட்டு மக்களின் நம்பிக்கை, தத்துவம், இலக்கியம், கணிதம், அளவைகள், பழக்கவழக்கங்கள், ஊர்களுக்கு இடையிலான தூரம் எல்லாம் அதில் உண்டு. நம் இராமேஸ்வரமும், அதற்கு எதிரே கடலுக்கு அப்பாலுள்ள ஸரந்தீபும்கூட அதில் வருகின்றன.

அந்தக் கிதாபின் சிறப்பு என்ன? பிறரின் நம்பிக்கையை அவர்களுடைய நூல்களிலிருந்தே எடுத்துச் சொன்னார்கள். தாம் அதை ஏற்கவில்லை என்பதற்காக ஒரு வரியையும் திரித்துச் சொல்லவில்லை. தம்மை ஆதரித்த சுல்தானின் படையெடுப்புகள் இந்நாட்டின் செழிப்பை அழித்தன, மக்கள் மனதில் முஸ்லிம்கள் மீது ஆழ்ந்த வெறுப்பை விதைத்தன என்பதையும், அந்தக் குடும்பத்தின் ஆட்சியில் இருந்துகொண்டே பதிவு செய்தார்கள். அறிவில் அமானத் என்றால் இதுதான். பக்கத்து வீட்டுக்காரரின் மதத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே நம்பிப் பரப்பும் நமக்கும், நம்மைப் பற்றி வந்ததை அப்படியே நம்பும் அவர்களுக்கும் இதில் பெரிய பாடம் இருக்கிறது.

நல்லது எங்கிருந்து வந்தாலும்

ஒருமுறை தொழுகை நேரங்களை அறிய உதவும் ஒரு கருவியை மார்க்கப் பற்றுள்ள ஒருவரிடம் காட்டினார்கள். அதில் ரோமர்களின் மாதங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அந்நியரைப் பின்பற்றுவதாகிவிடும் என்று சொல்லி அவர் அதை ஏற்க மறுத்தார். ரோமர்கள் சாப்பிடவும் செய்கிறார்கள், கடைவீதியில் நடக்கவும் செய்கிறார்கள், அப்படியானால் அவற்றிலும் அவர்களைப் பின்பற்றாமல் இருந்துவிடுங்கள் என்ற கருத்தில் அல்பீரூனி பதில் சொன்னார்கள். கடுமையான பதில்தான். ஆனால் அந்தக் கருவியை மறுத்ததால் நஷ்டம் யாருக்கு? தொழுகைக்குத்தான்!

அவர்கள் தொட்ட துறைகள் இன்னும் உண்டு. ரத்தினங்களையும் உலோகங்களையும் நீர் நிரம்பிய பாத்திரத்தில் இட்டு, வழிந்த நீரை எடை போட்டு, ஒவ்வொன்றின் அடர்த்தியையும் ஒப்பிட்டார்கள். ரைஹானா பின்த் ஹஸன் என்ற பெண்மணிக்காக வடிவகணிதத்தையும் எண்கணிதத்தையும் வானவியலையும் கேள்வி பதிலாக எழுதிக் கொடுத்தார்கள். பெண்ணுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்கள் கேட்கவில்லை. சுல்தான் மஸ்ஊதின் பெயரில் எழுதிய வானவியல் பெருநூலுக்காக ஒரு யானை சுமக்கும் அளவு வெள்ளி பரிசாக வந்தபோது, தமக்குத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பியதாக யாகூத் அல்ஹமவி (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். கண்ணும் காதும் தளர்ந்த முதுமையிலும், மூலிகைகளின் பெயர்களைப் பல மொழிகளில் தொகுத்து மருந்தியல் கிதாபு எழுதினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கிதாபுகள்! அவற்றில் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை.

கடைசி மூச்சில் ஒரு மஸ்அலா

ஹிஜ்ரி 440 வாக்கில் கஸ்னாவில் அவர்களின் வாழ்வு முடிந்தது. அந்த இறுதி நேரத்தையும் யாகூத் அவர்கள் பதிவு செய்கிறார்கள். வல்வாலிஜி என்ற ஃபகீஹ் நலம் விசாரிக்க வந்தார். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அல்பீரூனி, ஃபராயிள் கல்வியில் பாட்டிமார்களின் பங்கு குறித்து முன்பு ஒருநாள் அவர் சொன்ன மஸ்அலாவைத் திரும்பக் கேட்டார்கள். இந்த நிலையிலா என்று அவர் இரக்கப்பட்டார். அதை அறியாமல் இந்த உலகை விட்டுப் போவதைவிட, அறிந்துகொண்டு போவது மேலல்லவா என்று அல்பீரூனி கேட்டார்கள். அவர் மஸ்அலாவைச் சொன்னார், இவர்கள் மனனம் செய்துகொண்டார்கள். அவர் விடைபெற்று வெளியே வந்து வழியில் போய்க்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

பூமியை அளந்தவர், கடைசி நேரத்தில் கேட்டது ஒரு ஃபிக்ஹ் மஸ்அலா! அவர்களைப் பொறுத்தவரை நட்சத்திரமும் மூலிகையும் அந்நிய மொழியும் பாட்டியின் பங்கும் ஒரே ரப்பின் படைப்பையும் சட்டத்தையும் அறியும் வழிகள். வானம் பூமியின் படைப்பையும் மனிதர்களின் மொழி வேறுபாட்டையும் அல்லாஹ் ஸூரா அர்ரூமில் ஒரே வசனத்தில் தன் அத்தாட்சிகளாகச் சேர்த்துச் சொல்கிறான். அவன் சேர்த்ததை நாம் ஏன் பிரிக்க வேண்டும்?

எனவே பெற்றோர்களே! உங்கள் பிள்ளை சரித்திரமோ, மொழியோ, விலங்கியலோ, வணிகவியலோ எதைக் கேட்டாலும், முதலில் அவனுக்கு எதில் நாட்டம் என்று பாருங்கள். வேலை என்ன என்ற கேள்வியும் நியாயமானதுதான், அதை இரண்டாவதாகக் கேளுங்கள். மதரஸா மாணவர்களே! கணக்கையும் அறிவியலையும் அந்நியமாக நினைக்காதீர்கள். கல்லூரி மாணவர்களே! உங்கள் வீட்டுச் சொத்தைப் பங்கிடும் அளவுக்காவது ஃபராயிள் கற்றுக்கொள்ளுங்கள். எந்தத் துறையில் இருந்தாலும் தெரிந்ததை அப்படியே சொல்லுங்கள், தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பயனுள்ள கல்வியையும், அதில் அமானத்தையும், கடைசி மூச்சுவரை கற்கும் ஆசையையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.