வெந்நீர் ஊற்றுகளை எண்ணிய துரை

மதுக்கரைப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஆயிரம் அடிக்குக் கீழே இருந்து வரும் தண்ணீர், திறந்த கிணற்றுத் தண்ணீர் போல் சில்லென்று இருக்காது. மார்கழி மாதத்து விடியற்காலையில் மோட்டாரைப் போட்டால், வெதுவெதுப்பாக வந்து விழும்.

காரணம் என்ன?

பூமிக்கு உள்ளே சூடு இருக்கிறது. ஆழம் போகப் போகச் சூடு ஏறும். நம் பக்கத்துப் பாறை மிகப் பழமையானது, ஆறிப் போனது. ஆகையால் இங்கே சூடு மெதுவாகத்தான் ஏறுகிறது. அப்படியும், கோலார் தங்கச் சுரங்கத்தில் 3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல் இருந்தது. குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்பித்தான் ஆட்களை வேலை வாங்கினார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஏராளமான குடும்பங்கள் அந்தச் சூட்டில் உழைத்தன. சுரங்கம் 2001-ம் ஆண்டு மூடப்பட்டது.

வேறு சில இடங்களில் ஆழத்துச் சூடு, யாரும் தோண்டாமலே, வெந்நீராக மேலே வருகிறது. இந்தியாவில் அப்படிப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் கணக்கு எடுத்து எழுதி வைத்தார் ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் தாமஸ் ஓல்ட்ஹாம்.

கல்லைப் படித்த இளைஞர்

அயர்லாந்து நாட்டில் டப்ளின் நகரில் 1816-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி ஓல்ட்ஹாம் பிறந்தார். ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோவுக்குச் சென்று என்ஜினீயர் படிப்புப் படித்தார். அங்கே பாறைகளைப் பற்றிய பாடத்தையும் கேட்டார். அந்தப் பாடமே அவருடைய வாழ்க்கை ஆகிவிட்டது.

ஊர் திரும்பியதும் நில அளவை வேலையில் சேர்ந்தார். டப்ளினுக்கு அருகே கடலோரப் பாறை ஒன்றில் விசிறி போன்ற அடையாளங்களைக் கண்டார். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய உயிர்கள் விட்டுப் போன தடம் அது. அதற்கு ஓல்ட்ஹாமியா என்று அவருடைய பெயரையே வைத்தார்கள். 1845-ல் டப்ளின் டிரினிடி கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

சொந்த ஊர், நல்ல உத்தியோகம், நல்ல பெயர். அப்படியே இருந்திருந்தால் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1850-ல் கல்யாணம் செய்துகொண்டு, மனைவியுடன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1851-ம் ஆண்டு மார்ச் மாதம் கல்கத்தா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 34.

அது தைரியமான காரியம்தான். அவருக்கு முன்னால் நிலக்கரி தேட வந்த வில்லியம்ஸ் என்பவர், 1848-ல் காட்டுக் காய்ச்சல் கண்டு இறந்து போயிருந்தார்.

நிலக்கரி வேட்டை

ஓல்ட்ஹாம் வந்த ஆண்டே இந்திய புவியியல் ஆய்வுத் துறை தொடங்கிய ஆண்டு. எந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அந்த இலாகாவின் வேலை. இதன் அருமையை மதுக்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை இருந்ததால்தானே 1934-ல் இங்கே சிமெண்டு ஆலை வந்தது!

வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அப்போது வேண்டியது நிலக்கரி. 1853-ல் பம்பாயில் ரெயில் ஓடத் தொடங்கியது. 1856-ல் சென்னை ராயபுரத்திலிருந்து ஓடியது. மதுக்கரை வழியே பாலக்காட்டுக்குப் போகும் பாதையும் 1860-களின் தொடக்கத்தில் வந்துவிட்டது. ரெயிலுக்குத் தீனி வேண்டுமே! அந்தத் தீனியைத் தேடத்தான் ஓல்ட்ஹாமுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நம் நாட்டு மக்களின் நன்மைக்காக என்று நினைத்துவிடக் கூடாது.

அவர் வேலையை ஒழுங்காகச் செய்தார். நாட்டில் நிலக்கரி எங்கே, எவ்வளவு என்று 1864-ல் பெரிய அறிக்கை கொடுத்தார். திறமையான ஆட்களைச் சேர்த்தார். அவர்களில் ஒருவர்தான் புரூஸ் பூட். சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் 1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி ஆதி மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தவர்.

யாரும் கேட்காத கணக்கு

நிலக்கரி கேட்டவர்களுக்கு நிலக்கரியைக் காட்டினார். ஆனால் யாரும் கேட்காத ஒரு கணக்கையும் ஓல்ட்ஹாம் சேர்த்து வந்தார். அதுதான் வெந்நீர் ஊற்றுகளின் கணக்கு.

நம் நாட்டில் வெந்நீர் ஊற்று இருக்கும் இடம் பெரும்பாலும் புண்ணியத் தலமாக இருக்கும். இமயமலையில் மணிகரண், பீகாரில் ராஜகிருகம், வங்காளத்தில் வக்ரேஸ்வரம் எல்லாம் அப்படித்தான். மணிகரணில் அரிசியைத் துணியில் கட்டி ஊற்றில் இறக்கினால் சாதம் வெந்துவிடும். அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம்.

இது எப்படி நடக்கிறது? மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளின் வழியே வெகு ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே சூடு ஏறுகிறது. சூடேறிய தண்ணீர் வேறொரு வெடிப்பின் வழியே மேலே ஏறி வருகிறது. ஆகவே வெந்நீர் ஊற்று என்பது பூமியின் உடம்புச் சூட்டைக் காட்டும் தெர்மாமீட்டர். அது எங்கே இருக்கிறதோ அங்கே பாறை ஆழமாக வெடித்திருக்கிறது என்று அர்த்தம்.

பூகம்பக் கணக்கையும் அவர் சேர்த்தார். 1869-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி அசாம் பக்கத்தில் கச்சாரில் பெரிய பூகம்பம் ஏற்பட்டது. அதைப் பற்றியும் ஆராய்ந்து எழுதத் தொடங்கினார்.

எதையும் முடிக்க முடியவில்லை. இருபத்தைந்து ஆண்டு வெயிலும் அலைச்சலும் அவர் உடம்பைக் கெடுத்துவிட்டன. 1875-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் கொடுத்தது. மறு ஆண்டே வேலையை விட்டு, இங்கிலாந்தில் ரக்பி என்ற ஊருக்குப் போனார். 1878-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி காலமானார். வெந்நீர் ஊற்றுக் கணக்கு, பூகம்பக் கணக்கு, கச்சார் அறிக்கை மூன்றும் அச்சேறாத காகிதங்களாகக் கிடந்தன.

மகன் வந்தான்

அவருடைய மகன் ரிச்சர்டுக்கு அப்போது இருபது வயது நிறைய இரண்டு வாரம் இருந்தது. மறு ஆண்டே அந்த இளைஞன் இந்தியாவுக்கு வந்து, தகப்பனார் வளர்த்த அதே இலாகாவில் சேர்ந்தான். தகப்பனாரின் காகிதங்களை எடுத்துத் தூசி தட்டினான். 1882, 1883-ம் ஆண்டுகளில் மூன்றையும் தகப்பனாரின் பெயராலேயே வெளியிட்டான். வெந்நீர் ஊற்றுப் பட்டியலில் சுமார் 300 இடங்கள் இருந்தன. எத்தனையோ பேர் தகப்பன் வைத்த கடனையே அடைப்பதில்லை!

ரிச்சர்டு அத்துடன் நிற்கவில்லை. 1897-ல் அசாமை உலுக்கிய பூகம்பத்தை ஆராய்ந்தார். பூமியின் நடுவிலே தனியாக ஒரு கரு இருக்கிறது என்பதற்கு, பூகம்ப அலைகளைக் கொண்டே 1906-ல் ஆதாரம் காட்டினார். தகப்பனார் பூமியின் வெந்நீரை எண்ணினார். மகன் பூமியின் வயிற்றுக்குள்ளேயே எட்டிப் பார்த்துவிட்டார்.

மின்சாரம் வந்தது, ஆனால் இங்கே அல்ல

1904-ம் ஆண்டு இத்தாலியில் லார்டரெல்லோ என்ற ஊரில், தரையிலிருந்து பீறிட்ட நீராவியைக் கொண்டு ஜினோரி கோன்டி என்ற பிரபு ஐந்து மின்சார விளக்குகளை எரிய வைத்தார். சில ஆண்டுகளில் அங்கே மின்நிலையமே வந்தது. ஐஸ்லாந்து நாட்டில் வெந்நீரைக் குழாயில் விட்டு வீடுகளைக் குளிர் தாக்காமல் காக்கிறார்கள். இன்று அந்த நாட்டில் பத்து வீட்டில் ஒன்பது வீட்டுக்கு அந்தச் சூடுதான்.

இந்தியாவில் பட்டியல் இருந்தது. ஆனால் அதைப் பட்டியலாகவே வைத்திருந்தார்கள். 1966-ல்தான் வெந்நீர் ஊற்றுகளை ஆராய அரசாங்கம் குழு போட்டது. 1970-களில் லடாக்கில் பூகா பள்ளத்தாக்கில், சுமார் 14,000 அடி உயரத்தில், துளை போட்டார்கள். நீராவியும் வெந்நீரும் பீறிட்டன. அதைக் கொண்டு அறையைச் சூடாக்கிப் பார்த்தார்கள். பிறகு வேலை தூங்கிவிட்டது. அங்கே 1 மெகாவாட் மின்நிலையம் அமைக்க ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் போட்டது 2021-ம் ஆண்டு பிப்ரவரியில். பட்டியல் அச்சாகி அப்போது 139 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தெலுங்கானாவில் மணுகூரு என்ற ஊரில் வேறொன்று நடந்தது. நிலக்கரி இருக்கிறதா என்று பார்க்கப் போட்ட துளையில் வெந்நீர் வந்தது. சிங்கரேணி நிலக்கரிக் கம்பெனி அந்த இடத்தில் 20 கிலோவாட் சோதனை மின்நிலையத்தை அமைத்தது. வெந்நீரின் சூட்டிலேயே கொதித்து ஆவியாகும் வேறொரு திரவத்தைக் குழாயில் அடைத்து, அந்த ஆவியால் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுக்கும் முறை அது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 5 குதிரைசக்தி மோட்டார் ஐந்து ஓடும்.