கயிற்றை வென்ற கிழவர்

அமெரிக்க நாட்டிலே, ஒகையோ மாநிலத்திலே, கின்ஸ்மன் என்றோர் சிற்றூர். அங்கே மேசை நாற்காலியும், தேவைப்பட்டபோது சவப்பெட்டியும் செய்து பிழைத்துவந்தார் ஒரு தச்சர். ஊரார் தேவாலயம் செல்லும் வேளையில் அவர் ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருப்பார். இளமையில் ஒருநாள், எவனையோ பலர் காணத் தூக்கிலிடுகிறார்கள் என்று கேட்டு, கூட்டத்தோடு கூட்டமாக அவரும் போனார். முண்டியடித்து முன்னேயும் வந்துவிட்டார். தலையிலே கறுப்புத் துணி கவிழ்ந்தது. கழுத்திலே கயிறு ஏறியது. அதற்குமேல் அவரால் காண முடியவில்லை. திரும்பி நடந்தார். ஒரு மனிதன் சாவதை வேடிக்கை பார்க்கவா வந்தோம் என்ற வெட்கம், வாழ்நாள் முழுவதும் அவரை வாட்டியது.

அந்த வெட்கத்தை அவர் தம் சிறு மகனிடம் சொன்னார். அந்த ஏழைத் தச்சர் மகனுக்கு விட்டுச்சென்ற சொத்து அதுதான்!

மகன் பெயர் கிளாரன்ஸ் டாரோ. 1857இல் பிறந்தவர். ஆசிரியராக இருந்து, சட்டம் பயின்று, 1887இல் சிக்காகோ நகருக்கு வந்து சேர்ந்தார். எந்தச் சிக்காகோ? எட்டு மணி நேர வேலை கேட்ட தொழிலாளரின் இரத்தம் உலராத சிக்காகோ! 1886இல் ஹேமார்க்கெட் திடலில் யாரோ குண்டு வீசினார்கள். வீசியவன் யார் என்பது மெய்ப்பிக்கப்படவே இல்லை. எனினும் 1887 நவம்பர் 11இல் நால்வரைத் தூக்கிலே தொங்கவிட்டனர். ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1893இல் ஆளுநர் ஆல்ட்ஜெல்ட் வழக்கேட்டைப் பிரித்துப் படித்தார். விசாரணை நேர்மையற்றது என்று அறிவித்தார். சிறையிலே எஞ்சியிருந்த மூவரை விடுவித்தார். மன்னிப்பு சிறைக் கதவைத் திறந்தது. கல்லறைக் கதவைத் திறக்க முடிந்ததா? கோவலனைக் கொன்றபின் உண்மை உணர்ந்த பாண்டியன் தன் உயிரைத்தான் தர முடிந்தது. கண்ணகியின் கணவனைத் தர முடியவில்லையே!

அந்த ஆல்ட்ஜெல்டின் அன்பர் டாரோ. மன்னிப்பு வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் ஒருவர். இருப்புப்பாதைக் கம்பெனியின் வழக்கறிஞராக வசதியோடு வாழ்ந்தவர், 1894இல் புல்மன் வேலைநிறுத்தம் வெடித்தபோது அந்தப் பதவியை உதறிவிட்டு, தொழிலாளர் தலைவர் டெப்சுக்காக வாதாட வந்தார். அதே ஆண்டு, சிக்காகோ மேயரைச் சுட்டுக் கொன்ற பிரெண்டர்காஸ்ட் என்பவனுக்காகவும் நின்றார். அவன் சித்தம் கலங்கியவன் என்று வாதாடினார். தோற்றார். அவன் தூக்கிலேற்றப்பட்டான்.

பிறகு நடந்தவை தொழிலாளர் வரலாற்றின் பக்கங்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் பக்கம் நின்றார். 1907இல், முன்னாள் ஆளுநர் ஒருவரைக் கொல்லச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஹேவுட்டை மீட்டார்.

வந்தது 1911. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு பத்திரிகைக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்ததாக மக்னமாரா சகோதரர்கள் மீது வழக்கு. மாண்டவர்கள் முதலாளிகளல்ல, அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள். சகோதரர்கள் குற்றமற்றவர்கள் என்று நாடெங்கும் சங்கங்கள் முழங்கின. உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்தன. டாரோ சான்றுகளைப் பார்த்தார். வழக்கு வெல்லாது, கயிறுதான் முடிவு என்று கண்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்தார். ஒருவருக்கு ஆயுள் தண்டனை, மற்றவருக்கு 15 ஆண்டு. உயிர் தப்பியது, சங்கங்களின் மானம் தெருவுக்கு வந்தது. துரோகி என்றனர் தொழிலாளர் தலைவர்கள். போதாக்குறைக்கு, ஜூரிக்கு லஞ்சம் கொடுக்க முயன்றதாக அவர் மீதே வழக்குகள். ஒன்றில் விடுதலை, மற்றொன்றில் ஜூரிகள் ஒருமுடிவுக்கு வரவில்லை. அந்தக் கறை முற்றாக நீங்கியது என்று சொல்லிவிட முடியாது.

இயக்கத்தின் பெயரா, இரண்டு உயிரா? தோழரே, அந்த இடத்தில் நீர் இருந்தால் என்ன செய்திருப்பீர்? டாரோ உயிர் என்றார். விலையையும் கொடுத்தார்.

அத்தகையவரிடம்தான் 1924இல் வந்தது அந்த வழக்கு. சிக்காகோவின் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளைகள் இருவர். லியோபோல்டுக்கு வயது 19, லோபுக்கு 18. படிப்பிலே புலிகள். பசியா? இல்லை. பகையா? இல்லை. யாராலும் கண்டுபிடிக்க முடியாத குற்றமொன்றைச் செய்து காட்ட வேண்டும் என்ற வெறி! மே 21ஆம் நாள், 14 வயதுச் சிறுவன் பாபி ஃபிராங்சைக் காரில் ஏற்றிக் கொன்றனர். பிணத்தின் அருகே விழுந்துகிடந்த மூக்குக்கண்ணாடி அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

நாடே கொதித்தது. கொதிக்காமல் என்ன செய்யும்? டாரோவுக்கு அப்போது வயது 67. ஏழைபங்காளர் இலட்சாதிபதிகளிடம் விலைபோய்விட்டார் என்று ஏசினர். அவர் கண் கயிற்றின் மீது இருந்தது. குற்றமில்லை என்று வாதிட்டால், முடிவு ஜூரிகள் பன்னிருவர் கையில். பன்னிருவரும் பழியைப் பகிர்ந்துகொண்டு தூக்கு என்று சொல்லிவிடலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டால், தண்டனையை நிர்ணயிப்பவர் நீதிபதி காவர்லி ஒருவரே. அந்த ஒருவர் தம் ஒற்றைக் கையால் எழுதட்டும், பார்ப்போம் என்று துணிந்தார். ஒப்புக்கொள்ள வைத்தார்.

அரசு வழக்கறிஞர் குரோ எளியவரல்லர். அவர் பக்கத்து வாதமும் இலேசானதல்ல. திட்டமிட்டுக் கொன்றவனுக்கு இரக்கமா? இறந்த சிறுவனுக்கு இளமை இல்லையா? பெற்ற தாயின் கண்ணீருக்கு என்ன பதில்? இவர்களைத் தூக்கிலிடாவிட்டால் வேறு எவரைத் தூக்கிலிடுவது? ஏழையாக இருந்தால் இந்நேரம் தொங்கியிருப்பானே! நெஞ்சிலே தைக்கும் கேள்விகள் இவை. வயிறெரிந்த எவரும் கேட்கக் கூடியவை.

டாரோ மூன்று நாட்களில் ஏறத்தாழ 12 மணி நேரம் பேசினார். குற்றம் கொடியது என்பதை மறுக்கவில்லை. இளைஞர்களின் மனம் நோயுற்றது, உணர்ச்சி முதிராதது என்றார். உலகப் போரிலே நான்காண்டு காலம் கொல்வதைக் கடமை என்று பிள்ளைகளுக்குக் கற்பித்த உலகம், இப்போது கொலையைக் கண்டு வியப்பதேன் என்று கேட்டார். கொலைக்குக் கொலை என்றால் கொடுமை இரட்டிப்பாகுமே தவிரக் குறையாது என்றார். இவர்களுக்கு இரக்கம் கிடைத்தால், நாளை நாதியற்ற ஏழைப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வழி பிறக்கும் என்றார்.

செப்டம்பர் 10இல் தீர்ப்பு. கொலைக்கு ஆயுள், கடத்தலுக்கு 99 ஆண்டு. நீதிபதி முதன்மையாகக் கொண்டது அவர்களின் வயதை. அதுவரை இல்லினாய் மாநிலத்தில் வயது முதிராதவர் தூக்கிலேறியது இரண்டே வழக்குகளில்தான் என்று சுட்டிக்காட்டினார்.

டாரோ அத்தோடு ஓயவில்லை. அவ்வாண்டே நியூயார்க்கில் நீதிபதி டேலியோடு மரண தண்டனை பற்றி மேடையேறி வாதிட்டார். அத்தண்டனையை ஒழிக்க 1925இல் அமைந்த கழகத்தில் பங்கேற்றார். 1938 மார்ச் 13இல் மறைந்தார்.

அந்த இளைஞர்கள் என்ன ஆனார்கள்? லோப் 1936இல் சிறையிலேயே மற்றொரு கைதியால் கொல்லப்பட்டான். லியோபோல்டு சிறையிலே பள்ளி நடத்தினான். மலேரியா மருந்துச் சோதனைக்கு உடலைக் கொடுத்தான். 1958இல் வெளிவந்து, போர்ட்டோ ரிக்கோ தீவில் மருத்துவமனை வேலை செய்து, 1971இல் இறந்தான். இதனால் பாபி திரும்பி வந்தானா? இல்லை. தூக்கிலிட்டிருந்தாலும் வந்திருக்கமாட்டான்.

டாரோ சொன்ன யாவும் நமக்கு உடன்பாடு என்பதல்ல. மனிதன் சூழ்நிலையின் கைப்பாவை, அவனிடம் பொறுப்பே இல்லை என்ற அளவுக்குச் சென்றார். பொறுப்பே இல்லையென்றால், மனிதனைத் திருத்தக் கல்வி எதற்கு? முதலாளியைத் தட்டிக்கேட்கச் சங்கம் எதற்கு? கொன்றவன் பொறுப்பாளிதான், தண்டனை வேண்டியதுதான். ஆனால், அச்சம் குற்றத்தைத் தடுக்கும் என்றால், இருநூறுக்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு என்று வைத்திருந்த பழைய இங்கிலாந்தில் திருட்டே இருந்திருக்கக் கூடாதே! அங்கே திருட்டும் ஓயவில்லை, தூக்குமரமும் ஓயவில்லை.

ஆள்வோர் கையிலுள்ள கயிறு ஆளைப் பார்த்துத்தான் இறங்குகிறது என்பதற்கும் இல்லினாய் மாநிலமே சான்று. அங்கே 1977இல் மரண தண்டனை மீண்டும் வந்தது. 2000ஆம் ஆண்டுக்குள் 12 பேருக்கு அது நிறைவேறியது; மரண தண்டனை பெற்று, பிறகு குற்றமற்றவர் என்று வெளிவந்தவர்களோ 13 பேர்! அத்தண்டனையை ஆதரித்துவந்த ஆளுநர் ரையனே அதிர்ந்து, நிறுத்திவைத்தார். 2003இல் நால்வரை மன்னித்து, 167 பேரின் தண்டனையைக் குறைத்தார். 2011இல் அம்மாநிலம் மரண தண்டனையையே ஒழித்தது. இதற்கிடையே, 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 18 வயது நிரம்பாதவர் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம்! ஒரே ஒரு நீதிபதியின் எண்ணத்திலே ஊசலாடியது பிள்ளைகளின் உயிர். அந்தத் தீர்ப்பும்கூட, 18ஐயும் 19ஐயும் எட்டிவிட்ட லோபையும் லியோபோல்டையும் காத்திருக்காது.

வயது ஒருநாள் கூடினால் கழுத்து கயிற்றுக்கு உரியதாகிவிடுமா? இதுதான் டாரோவின் வாழ்வு நம் முன் வைக்கும் கேள்வி. கொலையுண்டவன் வீட்டுக் கண்ணீரைத் துடைக்க வேண்டும். அது நம் கடமை. அதற்குத் தூக்குக் கயிறு துணியாகாது. கூட்டத்தின் முன்வரிசை வரை சென்றும், முகம் சிவந்து திரும்பி நடந்தாரே ஒரு தச்சர், அந்த வெட்கம் நாட்டுக்கு வரவேண்டும்.