வளைந்த விரல்கள்... ஒரு லட்சம் ஆபரேஷன்கள்!

ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடிச்சு, கம்பெனி பஸ்ல மொபைல் பார்த்துக்கிட்டே ஸ்ரீபெரும்புதூர் திரும்புறவரா நீங்க? கண் எரிச்சலை, தூங்கினா சரியாகிடும்னு தள்ளிப்போடுறீங்களா? அப்போ டாக்டர் கோ.வெங்கடசாமியைத் தெரிஞ்சுக்கோங்க.

1918-ல் எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதுதான் ஆசை. 1944-ல் சென்னை ஸ்டான்லியில் படிப்பை முடித்து, ராணுவ மருத்துவரானார். ஆனால், முடக்குவாதம் தாக்கி விரல்கள் வளைந்துபோயின. பேனா பிடிப்பதே சிரமம். பிரசவம் பார்க்கும் கனவு முடிஞ்சுபோச்சு.

மனிதர் அசரலை. கண் மருத்துவம் படித்தார். அதே விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கினார். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் அறுவை சிகிச்சைகள் செய்தார்!

அரசுப் பணியில் ஓய்வுபெற்ற 1976-ல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதியுள்ளவர்கள் கட்டணம் கட்ட, இல்லாதவர்களுக்கு இலவச சிகிச்சை. ஊர் ஊராக முகாம்கள். கண்ணாடியும் அங்கேயே கிடைக்க ஏற்பாடு. 2006-ல் மறைந்தார்.

இப்போ உங்க வீட்டுக்கு வருவோம். 40 தாண்டின அப்பா பேப்பரைத் தள்ளிப்பிடிச்சுப் படிக்கிறாரா? அது வெள்ளெழுத்து. பிளாட்பாரத்துல ரெடிமேட் கண்ணாடி வாங்கிக் கொடுத்துடாதீங்க. அதுல ரெண்டு பக்கமும் ஒரே பவர். நம்ம கண்கள் அப்படி இருக்கணும்னு இல்லை. முறையா பரிசோதிச்சா, சத்தமில்லாம பார்வையைப் பறிக்கிற கண் அழுத்த நோயையும் முன்கூட்டியே பிடிச்சிடலாம்.

அடுத்த வீக்-ஆஃப்ல அப்பாவோட கிளம்புங்க. உங்க கண்ணையும் காட்டிட்டு வந்துடுங்க!