வீட்டு வளவில் விண்ணைப் பதித்தவர்: ஐசாக் ரொபேட்ஸ்

அந்திரோமீடா என்னும் உடுக்கூட்டத்திலே, வெறுங்கண்ணுக்கும் புலனாகும் மங்கலான ஒளித்திட்டு ஒன்று உண்டு. பாரசீக வானநூலறிஞரான அல்-சூஃபி 964 ஆம் ஆண்டளவிலேயே அதனைச் சிறு முகில் எனக் குறித்து வைத்தார். தொலைகாட்டி தோன்றிய பின்னரும் நெடுங்காலம் அது முகிலாகவே நின்றது. அதன் மெய்யுருவை உலகத்தாருக்கு முதன்முதற் காட்டியவர் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர்; அரசாங்க வானாய்வு நிலையத்தின் தலைவருமல்லர். லிவர்ப்பூல் நகரிலே கட்டடத் தொழில் செய்து பொருளீட்டிய ஐசாக் ரொபேட்ஸ் என்பவரே அவர். அந்நகரின் புறத்தேயிருந்த தமது வீட்டு வளவிலிருந்தே அவர் அதனைச் சாதித்தார்.

ரொபேட்ஸ் 1829 ஆம் ஆண்டு தை மாதம் 27 ஆந் திகதி, வட வேல்சிலுள்ள டென்பி என்னும் ஊருக்கு அண்மையிலே, ஒரு கமக்காரரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே குடும்பம் லிவர்ப்பூலுக்குக் குடிபெயர்ந்தது. 1844 இல், தமது பதினைந்தாவது வயதிலே, கட்டட வேலைத் தாபனமொன்றிலே தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பகலெல்லாம் கல்லும் மரமும் அளந்தவர், மாலையிலே தொழிலாளருக்கென நடத்தப்பட்ட இராவகுப்புகளிற் கல்வி கற்றார். 1859 இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். கட்டடம் எழுப்புவோன் நிலத்தை அறிதல் வேண்டுமன்றோ? அவ்வறிவு அவரைப் புவியியல் ஆய்வுக்கு இட்டுச் சென்றது. லிவர்ப்பூலின் கிணறுகளைப் பற்றியும் மணற்கல்லினூடே நீர் ஊறிச் செல்லும் வகையைப் பற்றியும் அவர் கட்டுரைகள் எழுதினார். மண்ணை ஆராய்ந்தவரின் கண் பின்னரே விண்ணை நோக்கியது.

1878 இல் அவரிடம் ஏழு அங்குல விட்டமுள்ள வில்லைத் தொலைகாட்டி ஒன்று இருந்தது. 1882 இல் லிவர்ப்பூலுக்கு அண்மையிலுள்ள மகல் என்னும் ஊரிலே குடியேறினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அடுத்த ஆண்டிலே, மனிதரின் உருவத்தைப் படம்பிடிக்கப் பயன்படும் சாதாரண வில்லைகளைக்கொண்டு விண்மீன்களைப் படம்பிடிக்கப் பழகினார். அக்காலத்திலே ஈரத்தகடு மறைந்து உலர்தகடு வழக்கிற்கு வந்திருந்தது. ஈரத்தகடு காயுமுன் வேலையை முடித்தாக வேண்டும். உலர்தகட்டையோ மணிக்கணக்காகத் திறந்து வைக்கலாம். கண் எவ்வளவு நேரம் நோக்கினும் மங்கலான பொருள் மங்கலாகவே தோன்றும். தகடோ கணந்தோறும் விழும் ஒளியைச் சேமித்துக்கொண்டே போகும். கண்ணால் இயலாதது பொறுமையால் இயலும் என்பதே இக்கலையின் அடிப்படை.

1885 இல் டப்ளின் நகரத்துக் கருவியாக்குநரான ஹவாட் கிறப்பிடமிருந்து இருபது அங்குல விட்டமுள்ள ஆடித் தொலைகாட்டியொன்றை ரொபேட்ஸ் பெற்றார். பழைய வில்லைத் தொலைகாட்டியையும் இதனையும் ஒரே அச்சின் இரு புறத்திலும் பொருத்தி, ஒன்றுக்கொன்று நிறைசமனாக நிற்கச் செய்தனர். ஆடித் தொலைகாட்டி படம்பிடிக்கும். வில்லைத் தொலைகாட்டியின் வாயிலாக ஒரு விண்மீனை நோக்கி, கருவி வழி தவறாமற் செல்கின்றதா எனக் காவல் செய்யலாம். இரண்டாவது ஆடியிற் பட்டுத் தெறிக்கும்போது ஒளி குறையும் என்பதையறிந்த ரொபேட்ஸ், முதல் ஆடியின் குவியத்திலேயே தகட்டை வைத்தார்.

வடவானத்து விண்மீன்களுக்கு ஒளிப்படத்தாற் படவரைபு செய்தலே அவர் முதலிற் கொண்ட நோக்கமாகும். ஆனால் 1887 இல் பாரிசிற் கூடிய அறிஞர் மகாநாடு, பல நாட்டு நிலையங்கள் ஒன்றுசேர்ந்து அப்பணியைச் செய்வதெனத் தீர்மானித்தது. தனியொருவர் அதனோடு போட்டியிடுவது பயனற்றதெனக் கண்ட ரொபேட்ஸ், தம் முயற்சியைக் கைவிட்டு, நெபுலாக்கள் எனப்பட்ட ஒளிமுகில்களின் பக்கந் திரும்பினார். கைவிட்ட அந்த ஒன்றே அவருக்குப் பெரும் புகழை ஈட்டித் தந்தது என்னலாம்.

1888 ஆம் ஆண்டு மார்கழி மாதம் 29 ஆந் திகதி இரவு, அந்திரோமீடாவின் ஒளிமுகிலை நோக்கித் தகட்டை நான்கு மணி நேரம் திறந்து வைத்தார். 1847 இல் அமெரிக்கரான பொன்ட், அம்முகிலிலே இரண்டு கரிய கால்வாய்களைக் கண்டிருந்தார். அவை யாவை என எவரும் அறிந்திலர். அவ்வாண்டில் ரொபேட்ஸ் எடுத்த படங்களிலே அவ்விருட்கோடுகள், வளைந்து சுற்றிச் செல்லும் ஒளிப்புயங்களுக்கு இடைப்பட்ட வெளிகளே எனத் துலங்கின. முகில் எனக் கருதப்பட்டது சுருளாக அமைந்த பேருருவம் என்பதை லண்டன் வானநூற் கழகத்து அறிஞர்கள் வியப்புடன் நோக்கினர்.

படம் மெய்யானது. அதற்கு அவர் கொண்ட பொருளோ மெய்யன்று. சுழலும் வாயுத்திரளிலிருந்து ஞாயிறும் கோள்களும் பிறந்தன என்னும் லாப்பிளாசின் கொள்கை அந்நாளிற் செல்வாக்குடன் விளங்கியது. அந்திரோமீடாவிலே தோன்றிய வளையங்களையும் பக்கத்தே நின்ற இரு சிறு ஒளித்திட்டுக்களையும் கண்ட ரொபேட்ஸ், இங்கே ஒரு சூரிய குடும்பம் உருவாகிக்கொண்டிருக்கின்றது எனக் கருதினார். அவரை இதற்காகக் குறைகூறுதல் தகாது. 1885 இல் அம்முகிலின் நடுவே புதிய விண்மீனொன்று தோன்றி ஒளிர்ந்தது. முகில் நெடுந்தொலைவில் இருக்குமாயின், அத்தனி விண்மீன் நம்பவொண்ணாத பேரொளி உடையதாதல் வேண்டும். ஆகவே அது அண்மையிலேயே உள்ளது என அக்கால அறிஞர் பலர் முடிவு செய்தனர்.

மகலின் வானத்திலே ரொபேட்சுக்கு நிறைவு ஏற்படவில்லை. பெருநகரின் அருகே வானைப் படம்பிடிப்போன் இரு பகைகளை வெல்ல வேண்டும். புகையும் மூட்டமும் விண்மீனின் ஒளியைக் குறைக்கும். நகரவிளக்குகளின் ஒளியோ வானிற்பட்டு மீண்டு தகட்டையே கருமையாக்கிவிடும். தகட்டுக்கு வேண்டிய ஒளி எது, வேண்டாத ஒளி எது எனத் தெரியாது. இரண்டையும் அது ஒரு தன்மையாகவே சேமிக்கும். 1888 இல் தொழிலினின்றும் ஓய்வு பெற்ற ரொபேட்ஸ், 1890 இல் இங்கிலாந்தின் தென்பாலுள்ள சசெக்சிலே, குறோபரோ என்னும் குன்றூரில், கடல் மட்டத்திலிருந்து 780 அடி உயரத்திற் புதுமனை அமைத்து, விண்மீன்வெளி எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். உதவியாளரான பிராங்ஸ் என்பவரும் அங்கே இரவிரவாகப் பணிபுரிந்தார். அவ்விருவர் உழைப்பின் பயன் 1893 இலும் 1899 இலும் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. 1890 இல் றோயல் சங்கத்து உறுப்பினராகவும், 1895 இல் வானநூற் கழகத்தின் பொற்பதக்கம் பெற்றவராகவும் ரொபேட்ஸ் விளங்கினார்.

1896 ஆவணி 9 ஆந் திகதி நிகழ்ந்த சூரிய கிரகணத்தைக் காண நோர்வே நாட்டின் வடகோடிக்குச் சென்றார். முகில் மூடியமையாற் கிரகணம் தெரியவில்லை. ஆயினும் அப்பயணத்திலே டொறதியா குளும்ப்கே என்னும் அமெரிக்க நங்கையைச் சந்தித்தார். பாரிஸ் வானாய்வு நிலையத்திலே, விண்மீன் தகடுகளை அளவிடும் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். சோர்போன் பல்கலைக்கழகத்திற் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண்மணி. ரொபேட்ஸ் கைவிட்ட அதே பெரும்பணியின் தகடுகளையே அவர் அளந்துகொண்டிருந்தார் என்பது வியப்பிற்குரியது. 1901 இல் இருவரும் மணம் புரிந்தனர். அவருக்கு வயது 72, அம்மையாருக்கு 40.

வில்லியம் ஹேர்ஷல் என்னும் பேரறிஞர், பரந்த ஒளிமுகில் படர்ந்துள்ளதென 52 வானப்பகுதிகளைக் குறித்திருந்தார். அவற்றையெல்லாம் தொண்ணூறு நிமிடத் தகடுகளாற் சோதித்த ரொபேட்ஸ், நான்கில் மட்டுமே முகில் உண்டென வெளியிட்டார். அமெரிக்கரான பார்ணாட் அதனை மறுத்தார். தகட்டில் விழாதது வானில் இல்லை என்பதாகாது. நீண்ட நேரமும் தக்க வில்லையும் வாய்க்குமாயின் மங்கலான முகிலும் பதியும் என்பது அவர் வாதம். இதிற் காலம் பார்ணாட்டின் பக்கமே பெரிதும் சாய்ந்தது. வழக்குத் தீருமுன்னரே, 1904 ஆடி 17 ஆந் திகதி, ரொபேட்ஸ் திடீரெனக் காலமானார். தமது செல்வத்தின் பெரும்பகுதியை லிவர்ப்பூலிலும் வேல்சிலுமுள்ள பல்கலைக்கழகக் கல்லூரிகளின் புலமைப் பரிசில்களுக்கென எழுதிவைத்திருந்தார். இராவகுப்பிற் படித்தவரின் செல்வம் இளைஞரின் கல்விக்கே சென்றது. டொறதியா அம்மையார் தகடுகளைப் பேணிக் காத்து, கணவர் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்த பின், 1929 இல் அந்த 52 பகுதிகளின் படத்தொகுதியை அவர் பெயரால் வெளியிட்டார்.

அந்திரோமீடாவின் வழக்கோ வேறிடத்திற் தீர்ந்தது. 1923 இல் கலிபோர்னியாவின் வில்சன் மலையிலே ஹபிள் என்பவர், அங்குள்ள ஒளிமாறும் விண்மீனொன்றைக் கண்டு, அது நமது பால்வீதிக்கு அப்பாற்பட்ட தனியொரு நட்சத்திரப் பெருந்தொகுதி என நிறுவினார். அதன் தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகள் என இன்று அறிகின்றோம். இரண்டாம் உலகப்போரின்போது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் விளக்குகள் மங்கவைக்கப்பட்டன. அவ்விருளைப் பயன்படுத்திய பாடே என்னும் அறிஞர், ரொபேட்சின் தகட்டிலே வெறும் வெண்மையாக நின்ற நடுப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காட்டி 1944 இல் வெளியிட்டார். இன்றோ நகர்ப்புறத்து வீட்டு வளவிலிருந்தே, ரொபேட்சின் கருவியிலும் மிகச் சிறியதொன்றைக் கொண்டு, பல குறும்படங்களைக் கணினியால் ஒன்றுசேர்த்து, நகரொளியைக் கழித்து, அச்சுருளை ஆர்வலர் பலர் படம்பிடிக்கின்றனர்.

ரொபேட்சின் கொள்கை மறைந்தது. அவர் தகடு நிலைத்தது. கொள்கைக்கு ஏற்பத் தகட்டைத் திருத்தாமல், கண்டதைக் கண்டவாறே அச்சிட்டு உலகின்முன் வைத்தமையால், அவர் கருத்தைப் பிழையென்று காட்டுவோருக்கும் அவர் படமே சான்றாயிற்று. ஆய்வாளன் பின்வருவோருக்கு விட்டுச் செல்லத்தக்க செல்வம் இதனினும் பெரிதொன்று உண்டோ?