நடையை எழுத வைத்த டாக்டர்

எல்லோரும் நடக்கிறோம். ஆனால் எந்தக் கால் எவ்வளவு நேரம் தரையில் இருக்கிறது என்று கேட்டால், யாருக்கும் சொல்லத் தெரியாது. கண் பார்ப்பதற்குள் கால் நகர்ந்துவிடும்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் கொண்டுவந்தவர், பிரெஞ்சு டாக்டர் மாரே.

தந்தை சொல்

மாரே 1830-ம் ஆண்டு மார்ச் 5-ந்தேதி பிரான்சில் பர்கண்டிப் பகுதியில் பிறந்தார். என்ஜினீயர் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. தந்தையோ மகனை டாக்டர் ஆக்க விரும்பினார். மாரே தந்தை சொல்லைத் தட்டவில்லை. பாரீஸ் சென்று மருத்துவம் படித்தார்.

ஆனாலும் எந்திர ஆசை விடவில்லை. 1860-ல் ஒரு கருவி செய்தார். மணிக்கட்டில் கட்டினால், நாடித்துடிப்பைக் கோடாக எழுதும். நாடியை எழுத வைத்தவர், அடுத்து நடையையும் எழுத வைத்தார்.

அதிசய பூட்சு

அதற்காக ஒரு பூட்சு செய்தார். அதன் அடிப்பாகம் ரப்பர். உள்ளே காற்று அடைத்த ஒரு சிறு அறை. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், நடப்பவர் கையில் உள்ள கருவிக்குச் செல்லும்.

கால் தரையில் பட்டதும் ரப்பர் அமுங்கும். காற்று குழாய் வழியே சென்று ஒரு முள்ளைத் தூக்கும். சுழலும் காகிதத்தில் முள் கோடு போடும். காலை எடுத்தால் கோடு இறங்கும்.

நடக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்கிறது. ஓடும்போதோ, கணநேரம் இரண்டு காலும் அந்தரத்தில் இருக்கின்றன. இதைக் கோடுகள் காட்டின.

கறுப்பு உடை

1882-ல் பாரீசில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். அங்கே ஒருவருக்குக் கறுப்பு உடை அணிவித்து, கை கால்களில் வெள்ளைக் கோடுகள் ஒட்டினார். அவரைக் கறுப்புச் சுவர் முன் நடக்கவிட்டு, ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் படம் எடுத்தார். காலின் ஒவ்வோர் அசைவும் கோடாக விழுந்தது.

1904-ம் ஆண்டு மே 15-ந்தேதி மாரே காலமானார்.

இன்றைய பயன்

பக்கவாதத்தால் கால் தளர்ந்தவர் மீண்டும் நடக்கப் பழகுகிறார். நன்றாக நடக்கிறார் என்று வீட்டார் மகிழலாம். ஆனால் அவர் நல்ல காலிலேயே பாரத்தைப் போடலாம். அப்படியே பழகிவிட்டால், நோயுற்ற கால் வலுப்பெறுவது கடினம். தடுக்கி விழவும் கூடும்.

இதைக் கண்டுபிடிக்க இன்று சின்னஞ்சிறு மின்னணுக் கருவிகள் உள்ளன. அவற்றைக் கணுக்காலிலும் இடுப்பிலும் கட்டுகிறார்கள். செருப்புக்குள்ளும் வைக்கிறார்கள். எந்தக் கால் தயங்குகிறது, எந்தக் கால் பாரம் தாங்குகிறது என்று அவை காட்டுகின்றன. அதைப் பார்த்து எந்தப் பயிற்சி தேவை என்று முடிவு செய்கிறார்கள்.

ரப்பர் குழாயும் முள்ளும் போய்விட்டன. காலில் கருவி பூட்டி, நடையையே பேசவைக்கும் வழி மட்டும் மாரே காட்டியதுதான்.