காரணம் கேட்ட பேராசிரியர்: பி. இலட்சுமி நரசு

நாகப்பட்டினத்தாராகிய நமக்குப் பௌத்தம் அயலானதன்று. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னர் எழுப்பத் தொடங்கிய சூடாமணி விகாரம் இவ்வூரில்தான் இருந்தது. பௌத்தக் கட்டடமெனக் கருதப்பட்ட பழைய கோபுரம் ஒன்று 1867ஆம் ஆண்டில் இங்கு இடிக்கப்பட்டது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஒருவர், அந்நெறியைத் தமிழகத்தில் மீண்டும் நிலைநாட்ட முனைந்தோருள் முன்வரிசையில் நின்றார். அவரே பேராசிரியர் பி. இலட்சுமி நரசு.

அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தோற்றுவித்த பௌத்த இயக்கத்தோடு இணைந்து தொண்டாற்றினார். பண்டிதர் பழைய இலக்கியங்களிலும் மக்கள் வழக்குகளிலும் நம் முன்னோரின் பௌத்தத்தைத் தேடினார். நரசுவோ ஆய்வுக்கூடத்தின் முறையையே சமயத்துக்கும் உரைகல்லாக்கினார். இருவர் வழியும் ஒன்றல்ல. அதனை நாம் மறைக்க வேண்டுவதுமில்லை.

அவருடைய 'பௌத்தத்தின் சாரம்' என்னும் ஆங்கில நூல் 1907இல் வெளிவந்தது. புத்தரின் போதனை தெய்வ வாக்கு என்பதற்காக அன்று, அனுபவத்துக்கும் பகுத்தறிவுக்கும் பொருந்துவதனாலேயே ஏற்கத்தக்கது என்று அதில் நிறுவினார். காட்சியும் அனுமானமுமே அறிவின் வாயில்கள் என்பது பௌத்தத் தருக்க நூலாரின் கொள்கை.

ஆனால் அனுமானம் எளிதில் வழுக்கும். நம் வயல்களில் ஆயிரம் கொக்குகளைக் கண்ட மாணவன், கொக்கெல்லாம் வெள்ளை என்பான். கோடியக்கரைப் பக்கம் கருஞ்சாம்பல் நிறக் கொக்கு ஒன்றைக் கண்டால் அம்முடிவு அழிந்துவிடும். ஆகவே பலமுறை கண்டது மட்டும் போதாது. ஏன் அவ்வாறு என்று கேட்க வேண்டும். புகையைக் கொண்டு நெருப்பை அறிவது, நெருப்பின்றிப் புகை தோன்றாது என்னும் காரணத் தொடர்பால். வகுப்பில் இதனைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நரசுவின் நினைவு வரும்.

என் இளமையில், எதிரே ஆண்டை வந்தால் என் தந்தையார் வரப்பைவிட்டு இறங்கிச் சேற்றில் நிற்பார். காரணம் கேட்டேன். முற்பிறவி வினை என்றார். அவருக்கு அவ்வாறே சொல்லப்பட்டிருந்தது. அது விளக்கமாகுமா? எந்தச் சோதனைக்கும் உட்படாத ஒன்று, எதனையும் விளக்குவதாகத் தோன்றும். உண்மையில் எதனையும் விளக்காது. உடல்விட்டு உடல் தாவும் ஆன்மா உண்டென்பதை நரசு ஏற்கவில்லை. அவ்வான்மா இல்லையெனில் பழைய பிறவியின் கணக்கை இன்று பிறந்த குழந்தையின் தலையில் எழுதுவது எங்ஙனம்? அந்நூலிலேயே சாதியைப் பற்றித் தனி அத்தியாயம் வரைந்த அவர், 1922இல் 'சாதி பற்றிய ஆய்வு' என்று தனி நூலே இயற்றினார்.

1934இல் அவர் மறைந்தார். 1948இல் 'பௌத்தத்தின் சாரம்' மூன்றாம் பதிப்பாக வந்தபோது அண்ணல் அம்பேத்கர் முன்னுரை எழுதி, பௌத்தத்தைப் பற்றி அதுவரை வெளிவந்தவற்றுள் சிறந்த நூலென அதனைப் பரிந்துரைத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14ஆம் நாள், நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் அண்ணல் பௌத்தம் தழுவினார்.